பிளேட்டோவோட டயலாக்கை எப்படி படிக்கணும்: கேள்வி-பதிலையே மெத்தடா வச்சிருந்த கிரேக்க தத்துவத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிளேட்டோவை ஆர்வமா எடுத்துட்டு பாதியில விட்டவங்க நிறைய பேரை பாத்திருக்கேன், எல்லாரும் சொல்ற காரணம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், "அவர் என்ன சொல்ல வர்றாருன்னே பிடிபடல, பேசிக்கிட்டே இருக்காங்க, கடைசில பதிலே இல்லாம முடிஞ்சிடுது". நானும் முதல் தடவை அவரோட யூத்திஃப்ரோங்குற சின்ன டயலாக்கை கதை மாதிரி ஒரே மூச்சுல படிச்சு முடிச்சேன், கையில ஒண்ணுமே நிக்கல. ரெண்டாவது தடவை ஒரு நோட்டும் பேனாவும் வச்சுக்கிட்டு, பிளேட்டோவோட குரு சாக்ரடீஸ் அதுல கேள்வி கேக்குற ஒவ்வொரு இடத்துலயும் புத்தகத்தை மூடிட்டு என் பதிலை எழுதிட்டு அப்புறம்தான் அடுத்த வரிக்கு போனேன். அப்போதான் அது வேற புத்தகமாவே மாறுச்சு. இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு விஷயத்தை பத்திதான். கிரேக்க தத்துவத்துல டயலாக்கை கருத்தை சுத்திக் குடுக்குற பேப்பர்னு நினைக்காதீங்க, வேலையே அங்கதான் நடக்குது, அந்த வேலையில நம்மளும் ஒரு ஆளா உட்காரணும்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன விளக்கம். நம்ம ஊர்ல டயலாக்னா சினிமா வசனம்தான் முதல்ல ஞாபகம் வரும். கிரேக்கத்துல டியாலெகெஸ்தாய்னா ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கிறது, அவ்ளோதான், அதுல இருந்துதான் டயலாக்கும் வந்துச்சு கேள்வி-பதிலால உண்மையை தேடுற முறைக்கு சொல்ற டயலெக்டிக்ங்குற பெரிய வார்த்தையும் வந்துச்சு. பட்டிமன்றம் மாதிரி ரெண்டு அணியும் ஒரு நடுவரும் இதுல கிடையாது. ரெண்டு பேர், ஒருத்தர் கேக்குறாரு, இன்னொருத்தர் பதில் சொல்றாரு, பதில் சொல்றவர் ஒத்துக்கிட்டாதான் அடுத்த அடி வைக்க முடியும். தீர்ப்பு சொல்றவரும் அவரேதான்.

கொஞ்சம் பின்னணி

சாக்ரடீஸ் ஒரு வரி கூட எழுதி வைக்கல. ஏதென்ஸ்ல கடைத்தெரு, உடற்பயிற்சி கூடம், நண்பர்கள் வீடுன்னு போய் பேசிக்கிட்டே வாழ்ந்தாரு, கிமு 399ல ஊரோட தெய்வங்களை மதிக்கல, இளைஞர்களை கெடுக்குறாருன்னு கேஸ் போட்டு மரண தண்டனை குடுத்தாங்க. அவர் போனதுக்கு அப்புறம் அவரோட பழகினவங்க பல பேர் அவர் பேசுற மாதிரியே உரையாடல்கள் எழுத ஆரம்பிச்சாங்க, பிளேட்டோ மட்டும் இல்ல, ஸெனஃபோனும் எழுதினாரு. அரிஸ்டாட்டில் தன்னோட கவிதையியல்ல 'சாக்ரடீஸ் உரையாடல்கள்'னு ஒரு இலக்கிய வகையாவே இதை சொல்றாரு. அதனால நம்ம படிக்கிறது டேப் போட்டு எடுத்த பதிவு இல்ல, ஒரு மகா எழுத்தாளன் கட்டின உரையாடல், இதை மறக்கக்கூடாது.

பிளேட்டோ ஏன் கட்டுரையா எழுதலங்குறதுக்கு அவரோட ஃபைட்ரஸ்ங்குற டயலாக்குல ஒரு குறிப்பு இருக்கு. அங்க சாக்ரடீஸ் சொல்றாரு, எழுத்து ஓவியம் மாதிரி, உயிரோட நிக்கிற மாதிரி இருக்கும், ஆனா ஒரு கேள்வி கேட்டா வாயே திறக்காது, எத்தனை தடவை கேட்டாலும் சொன்னதையேதான் திரும்ப சொல்லும். எழுத்து மேல இவ்ளோ சந்தேகம் இருந்த ஆளு வாழ்நாள் முழுக்க எழுதினாரு. அப்போ எழுதினா எப்படி எழுதணும்? கேள்வி கேக்குற, தடுமாறுற, கோவப்படுற மனுஷங்களை உள்ள வச்சுதான் எழுத முடியும். என்னோட வாசிப்புல பிளேட்டோவுக்கு டயலாக் வடிவம் கட்டாயமா வந்து சேர்ந்ததுக்கு இதுதான் காரணம்.

ஸ்டெப் 1: எதுல இருந்து ஆரம்பிக்கணும்

பிளேட்டோவோட குடியரசு (ரிபப்ளிக்)ங்குற பெரிய நூல்ல ஆரம்பிக்காதீங்க. அது பத்து பகுதி, முதல் பகுதிக்கு அப்புறம் எதிர்ல இருக்கறவங்க பெரும்பாலும் "ஆமா", "அப்படித்தான்"னு போயிடுவாங்க, மெத்தட் எப்படி வேலை செய்யுதுன்னு பாக்க அது சரியான இடம் இல்ல. முதல்ல யூத்திஃப்ரோ, அப்புறம் லாக்கெஸ், அப்புறம் மெனோ. யூத்திஃப்ரோ ஒரே உட்கார்ல முடிஞ்சிடும்.

புத்தக ஓரத்துல 10ஏ, 84பி அப்படின்னு நம்பர் இருக்கும், அது 1578ல ஆன்ரி எஸ்தியென் ஜெனீவாவுல போட்ட பதிப்போட பக்க எண். எந்த மொழிபெயர்ப்பு வாங்கினாலும் இந்த நம்பர் மாறாது, அதனால நோட்டுல குறிப்பு எழுதும்போது இதையே எழுதுங்க, வேற பதிப்பு வச்சிருக்க ஃப்ரெண்டோட பேசும்போது ரொம்ப உதவும்.

ஸ்டெப் 2: யார் பேசுறாங்க, எங்க நிக்கிறாங்கன்னு முதல்ல எழுதுங்க

இதை நிறைய பேர் தாண்டி போயிடுறாங்க, இங்கதான் பாதி விஷயம் இருக்கு. சாக்ரடீஸ் கேக்குற கேள்வி எப்பவும் எதிர்ல இருக்கற ஆளோட வாழ்க்கையில இருந்துதான் வரும். லாக்கெஸ்ல வீரம்னா என்னன்னு கேக்குறாரு, யார்கிட்ட? லாக்கெஸ், நிக்கியாஸ்னு ரெண்டு தளபதிகள்கிட்ட. யூத்திஃப்ரோவுல சாக்ரடீஸ் தன் மேல போட்ட கேஸுக்காக அரச ஆர்கன்ங்குற அதிகாரியோட மண்டபத்துக்கு வந்து நிக்கிறாரு, அங்க யூத்திஃப்ரோ தன்னோட சொந்த அப்பா மேலயே கொலை கேஸ் போட வந்திருக்காரு. இவங்க பண்ணையில வேலை பார்த்த ஒரு கூலியாள் குடிச்சிட்டு வீட்டு அடிமை ஒருத்தனை கொன்னுட்டான், அப்பா அவன் கைகாலை கட்டி பள்ளத்துல போட்டுட்டு, என்ன பண்றதுன்னு கேட்டு வர ஏதென்ஸுக்கு ஆள் அனுப்பினாரு, ஆள் திரும்பி வர்றதுக்குள்ள பசியிலயும் குளிர்லயும் அவன் செத்துட்டான். வீட்ல எல்லாரும் அப்பா மேல கேஸ் போடுறது பாவம்னு சொல்றாங்க, யூத்திஃப்ரோ மட்டும் இதுதான் புனிதமான காரியம்னு உறுதியா இருக்காரு. இப்போ சாக்ரடீஸ் கேக்குறாரு, புனிதம்னா என்னன்னு உனக்கு அவ்ளோ தெளிவா தெரியுமா? அப்பாவை கோர்ட்ல நிறுத்துற அளவுக்கு தெரியுமா? தெய்வத்தை மதிக்கலங்குற குற்றச்சாட்டோட நிக்கிறவர் வாயில இருந்து இந்த கேள்வி வருதுங்கறதையும் சேர்த்து பாருங்க, கேள்விக்கு எவ்ளோ கனம் இருக்குன்னு புரியும்.

ஸ்டெப் 3: டெஃபனிஷன்களை வரிசையா எழுதி, ஒவ்வொண்ணும் எங்க உடையுதுன்னு பக்கத்துல எழுதுங்க

நோட்டுல நடுவுல ஒரு கோடு. இடது பக்கம் அவர் சொன்ன பதில், வலது பக்கம் அது ஏன் நிக்கல.

யூத்திஃப்ரோவோட முதல் பதில், "நான் இப்போ பண்றதுதான் புனிதம், தப்பு பண்ணவன் அப்பாவா இருந்தாலும் கேஸ் போடுறது". இது உதாரணம், டெஃபனிஷன் இல்ல. சாக்ரடீஸ் கேக்குறது எல்லா புனிதமான காரியத்தையும் புனிதமா ஆக்குற அந்த ஒரு தன்மையை. இந்த வித்தியாசம் நமக்கு சாதாரணமா தெரியலாம், ஆனா "எல்லாத்துக்கும் பொதுவானது என்ன"ங்குற கேள்வியை தேடிப்போனதை அரிஸ்டாட்டில் சாக்ரடீஸோட பங்களிப்புகள்ல ஒண்ணா மெட்டாஃபிசிக்ஸ்ங்குற நூல்ல சொல்லியிருக்காரு.

ரெண்டாவது, "தெய்வங்களுக்கு பிடிச்சது புனிதம்". உடையுற இடம், தெய்வங்களுக்குள்ளயே சண்டை இருக்குன்னு யூத்திஃப்ரோவே நம்புறாரு. அப்போ அப்பாவை தண்டிக்கிறது ஸீயஸுக்கு பிடிக்கலாம், மகன் ஸீயஸ் கையாலயே அடிபட்ட அப்பா குரோனஸுக்கு பிடிக்காது, ஒரே காரியம் புனிதமாவும் இருக்கும் புனிதம் இல்லாததாவும் இருக்கும். கவனிங்க, இந்த எதிர்ப்பு சாக்ரடீஸோட கருத்துல இருந்து வரல, யூத்திஃப்ரோவோட நம்பிக்கையில இருந்தே எடுத்தது.

மூணாவது, "எல்லா தெய்வங்களுக்கும் பிடிச்சது". இங்கதான் 10ஏ வருது. புனிதமா இருக்கறதால தெய்வங்களுக்கு பிடிக்குதா, தெய்வங்களுக்கு பிடிக்கிறதால புனிதமா? இங்க கண்டிப்பா புத்தகத்தை மூடிடுங்க, அவசரப்படாதீங்க, ஒரு நாள் ஆனாலும் பரவால்ல. நான் புரிஞ்சுக்கிட்ட விதம் இது. ஒரு மூட்டையை யாரோ தூக்கிட்டு போறதாலதான் அது 'தூக்கப்பட்ட மூட்டை' ஆகுது, முன்னாடியே தூக்கப்பட்டதா இருக்கறதால யாரும் அதை தூக்கல. அதே மாதிரி, யாருக்கோ பிடிக்கிறதாலதான் ஒண்ணு 'பிடிச்சது' ஆகுது. ஆனா புனிதமானது ஏன் தெய்வங்களுக்கு பிடிக்குதுன்னு கேட்டா, அது புனிதமா இருக்கறதாலதான்னு யூத்திஃப்ரோ ஏற்கனவே ஒத்துக்கிட்டாரு. அப்போ ரெண்டுக்கும் காரணம் ஓடுற திசையே வேற, ரெண்டும் ஒண்ணா இருக்க முடியாது. தெய்வத்துக்கு பிடிக்கிறது புனிதத்துக்கு நேர்ற ஒரு விஷயம், புனிதம்னா என்னங்குறதுக்கு பதில் இல்ல. ரெண்டாயிரத்து முன்னூறு வருஷத்துக்கு மேல ஆகியும் மதத்தையும் ஒழுக்கத்தையும் பத்தி பேசுறவங்க இந்த கேள்வியை தாண்டி போக முடியல, அது ஒரு சின்ன உரையாடலுக்கு நடுவுல, மிரண்டு போன ஒரு மனுஷன்கிட்ட கேட்ட கேள்வி.

அதுக்கப்புறம் யூத்திஃப்ரோ சொல்றாரு, என் பேச்செல்லாம் நிக்காம சுத்தி சுத்தி வருது, நீதான் ஓட விடுறன்னு. நடமாடுற சிலைகளை செஞ்ச டைடலஸ் கதை அந்த இடத்துல வரும். அப்புறம் இன்னும் ரெண்டு முயற்சி, நீதியில தெய்வ சேவைக்கான பகுதி, யாகமும் பிரார்த்தனையும் தெரிஞ்ச அறிவு, கடைசில சுத்தி வந்து மறுபடி "தெய்வங்களுக்கு பிடிச்சது"ங்குற இடத்துலயே நிக்கிறாங்க. யூத்திஃப்ரோ அவசரமா வேலை இருக்குன்னு கிளம்பிடுறாரு.

ஸ்டெப் 4: இந்த விளையாட்டோட விதிகளை தெரிஞ்சுக்கோங்க

இந்த சோதனைக்கு எலெங்கோஸ்னு பேரு, சோதிச்சு பாக்குறதுன்னு வச்சுக்கலாம். ஒருத்தர் ஒரு கருத்தை வைப்பாரு, அவர் ஏத்துக்கிற வேற சில விஷயங்களை ஒண்ணொண்ணா கேட்டு வாங்குவாங்க, அதெல்லாம் சேர்த்து பார்த்தா முதல் கருத்தோட மோதும். விதின்னு எங்கயும் எழுதி வைக்கல, ஆனா ரெண்டு விஷயத்துல சாக்ரடீஸ் ரொம்ப கண்டிப்பு. பதில் சுருக்கமா இருக்கணும், புரோட்டகோரஸ்ங்குற டயலாக்குல அந்த புரோட்டகோரஸ் நீளமா சொற்பொழிவு பண்ண ஆரம்பிச்ச உடனே சாக்ரடீஸ் எனக்கு ஞாபக சக்தி கம்மி, நான் கிளம்புறேன்னு எழுந்துடுறாரு, கூட இருந்தவங்க சமாதானம் பண்ணி உட்கார வைக்கிறாங்க. ரெண்டாவது இன்னும் முக்கியம், நிஜமா நம்புறதைதான் சொல்லணும். வாதத்துக்காக ஒண்ணு சொல்லிட்டா அங்க சோதிக்கப்படுறது யாரும் இல்ல. கிரெகரி விலாஸ்டோஸ்ங்குற அறிஞர் 1983ல இதை பத்தி எழுதின கட்டுரை இந்த விஷயத்துல பெரிய விவாதத்தையே கிளப்புச்சு.

விதி உடையுற இடங்களைத்தான் நான் ரொம்ப விரும்பி படிப்பேன். கோர்ஜியாஸ்ங்குற டயலாக்குல கல்லிக்ளீஸ்ங்குறவர் ஒரு கட்டத்துல இனிமே பதில் சொல்ல மாட்டேன்னு ஒதுங்கிடுறாரு, சாக்ரடீஸ் தானே கேள்வி கேட்டு தானே பதில் சொல்லி முடிக்க வேண்டியதாகுது. அதை படிக்கும்போது ஏதோ பாழாய்ப்போன மாதிரி இருக்கும். எதிர்ல ஆள் இல்லன்னா இந்த மெத்தட் எவ்ளோ வெறுமையா நிக்குதுன்னு பிளேட்டோ நமக்கு காட்டுறாருன்னுதான் நான் நினைக்கிறேன்.

ஸ்டெப் 5: 'தெரியல'ங்குற இடத்துல நிக்க பழகுங்க

எல்லா பதிலும் உடைஞ்சு வழி தெரியாம நிக்கிற நிலைக்கு அபோரியான்னு பேரு. இது தோல்வி இல்லன்னு புரியணும்னா மெனோ படிக்கணும்.

மெனோ நல்ல குடும்பத்து இளைஞர், நல்லொழுக்கம்னா என்னன்னு சாக்ரடீஸ் கேட்டு கேட்டு அவர் பதில் எல்லாம் உடைஞ்சதும் கோவமா சொல்றாரு, நீ தொட்டா மரத்துப்போக வைக்கிற திருக்கை மீன் மாதிரி, இதை பத்தி எத்தனையோ தடவை கூட்டத்துக்கு முன்னாடி நல்லா பேசியிருக்கேன், இப்போ வாயே வரல. அப்புறம் ஒரு கிடுக்கிப்பிடி கேள்வியும் போடுறாரு, தெரியாத ஒண்ணை எப்படி தேடுவ, கண்டுபிடிச்சாலும் அதுதான்னு எப்படி தெரியும்?

அதுக்கு சாக்ரடீஸ் மெனோவோட அடிமைப் பையன் ஒருத்தனை கூப்பிட்டு தரையில கோடு போடுறாரு. நீங்களும் நோட்டுல போடுங்க. ரெண்டடி பக்கம் உள்ள சதுரம், பரப்பு 4 சதுர அடி. இதோட ரெண்டு மடங்கு, அதாவது 8 சதுர அடி சதுரத்துக்கு பக்கம் எவ்ளோ? பையன் யோசிக்காம சொல்றான், 4 அடி. போட்டு பார்த்தா 16 வருது. சரி 3 அடி, 9 வருது. இப்போ சாக்ரடீஸ் சொல்றாரு, எண்ணி சொல்ல வேண்டாம்னா எந்த கோடுன்னு காட்டு. இந்த வார்த்தை ரொம்ப நுணுக்கமானது, ஏன்னா அந்த பக்கத்தோட நீளம் முழு எண்ணாவோ பின்னமாவோ வரவே வராது, காட்டத்தான் முடியும். பையன் சொல்றான், சத்தியமா எனக்கு தெரியல.

இங்க சாக்ரடீஸ் மெனோ பக்கம் திரும்புறாரு. முன்னாடி இவனுக்கு தெரியாது ஆனா தெரியும்னு நினைச்சான், இப்போ தெரியலன்னு தெரியும், மரத்துப்போனதுல இவனுக்கு நஷ்டம் ஏதாவது இருக்கா? முன்னாடியா இருந்தா ரெண்டு மடங்கு சதுரத்துக்கு ரெண்டு மடங்கு பக்கம்னு கூட்டத்துக்கு முன்னாடி எத்தனையோ தடவை நல்லா பேசியிருப்பானேங்குறாரு. மெனோ தன்னை பத்தி பெருமையா சொன்ன அதே வார்த்தைகள், பேர் சொல்லாம திருப்பி குடுக்குறாரு. அப்புறம் சதுரத்தோட மூலைவிட்டத்தை போட்டதும் பையன் கண்டுபிடிக்கிறான், அந்த மூலைவிட்டம்தான் 8 சதுர அடி சதுரத்தோட பக்கம்.

லாக்கெஸ்லயும் இப்படி ஒரு இடம் இருக்கு. வீரம்னா வரிசையை விட்டு ஓடாம நின்னு போராடுறதுன்னு தளபதி லாக்கெஸ் சொல்றாரு, பின்வாங்கிக்கிட்டே சண்டை போடுற சித்தியர்ங்குற இனத்தவரை காட்டி சாக்ரடீஸ் அதை உடைக்கிறாரு. கொஞ்ச நேரம் கழிச்சு லாக்கெஸ் எரிச்சலா சொல்றாரு, வீரம்னா என்னன்னு எனக்கு தெரியுற மாதிரிதான் இருக்கு, ஆனா பிடிச்சு வார்த்தையில கொண்டு வர முடியாம நழுவிடுது. போர்க்களம் பார்த்த மனுஷன் சொல்ற வார்த்தை இது, இதை படிச்சிட்டு சாக்ரடீஸ் ஆளுங்களை வெறுமனே மட்டம் தட்டுறாருன்னு என்னால சொல்ல முடியல.

ஸ்டெப் 6: சாக்ரடீஸையும் விடாதீங்க

"ஆமா சாக்ரடீஸ்"னு பதில் வர்ற ஒவ்வொரு இடத்துலயும், நானா இருந்தா ஒத்துக்கிட்டிருப்பேனான்னு கேளுங்க. ஒத்துக்கலன்னா ஓரத்துல ஒரு குறி. பிளேட்டோவுக்கே இந்த குறை தெரியும், குடியரசுல பேசுறவங்கள்ல ஒருத்தரான அடெய்மாந்தஸ் நேராவே சொல்றாரு, ஒவ்வொரு கேள்வியிலயும் கொஞ்சம் கொஞ்சமா தடம் மாறி, கடைசில காய் ஆட்டத்துல மடக்கப்பட்டவன் மாதிரி நகர வழியில்லாம நிக்கிறோம், ஆனா அதனால நீ சொல்றது உண்மைன்னு ஆயிடாதுன்னு.

அதை விட ஆழமான பிரச்சனை ஒண்ணு இருக்கு. எலெங்கோஸ் காட்டுறது உன்னோட நாலு நம்பிக்கை ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகலங்கறதை மட்டும்தான், அதுல எது பொய்னு அது சொல்லாது. யூத்திஃப்ரோ நினைச்சிருந்தா டெஃபனிஷனை விடாம, தெய்வங்கள் சண்டை போடுறாங்கங்குற கதையை விட்டிருக்கலாம். எதை விட்டிருக்கலாம்னு ஒவ்வொரு தடவையும் நோட்டுல எழுதுங்க, எனக்கு இதுலதான் அதிகம் கத்துக்க கிடைச்சுது.

ஸ்டெப் 7: போலியை அடையாளம் கண்டுக்கோங்க

யூத்திடெமஸ்னு இன்னொரு டயலாக் இருக்கு (பேர் ஒத்துப்போகுது, குழப்பிக்காதீங்க). அதுல ரெண்டு அண்ணன் தம்பிங்க ஒருத்தனை மடக்குறாங்க: உன் நாய்க்கு குட்டி இருக்கா, இருக்கு, அப்போ நாய் ஒரு அப்பா, அது உன்னோடது, அப்போ அது உன் அப்பா. வெளியில இருந்து பார்த்தா இதுவும் சாக்ரடீஸ் பண்ற மாதிரியேதான் இருக்கும், கேள்வி, சின்ன பதில், முடிவுல முரண்பாடு. வித்தியாசம் நோக்கத்துல. இவங்களுக்கு ஜெயிக்கணும், உண்மை எங்க இருந்தாலும் கவலை இல்ல. சாக்ரடீஸ் கோர்ஜியாஸ்ல சொல்றாரு, நான் தப்பா சொன்னா என்னை மறுக்கறதும் எனக்கு சந்தோஷம்தான், மறுக்கறதை விட மறுக்கப்படுறதே பெரிய லாபம்னு. நீங்க படிக்கிற எந்த வாதத்துலயும் இந்த அளவுகோலை வச்சு பாருங்க.

ஸ்டெப் 8: இது எங்க போச்சுன்னு பின்தொடர்ந்து பாருங்க

இதை சுருக்கமா சொல்லிடுறேன். மெனோவோட பின்பகுதியிலயே சாக்ரடீஸ் வேற வழிக்கு போறாரு, ஒண்ணை தற்காலிகமா வச்சுக்கிட்டு அது உண்மையா இருந்தா என்னென்ன வரும்னு பாக்குற முறை, கணக்கு போடுறவங்ககிட்ட இருந்து எடுத்தது. தியாய்டெட்டஸ்ங்குற டயலாக்குல சாக்ரடீஸ் தன் அம்மா மருத்துவச்சி, நானும் அதே வேலைதான் பாக்குறேன், மத்தவங்க மனசுல இருக்கற குழந்தையை வெளிய எடுத்து அது உயிரோட இருக்கான்னு சோதிக்கிறேங்குறாரு. அதே நூல்லதான், யோசிக்கிறதுங்கறதே மனசு தனக்குத்தானே கேள்வி கேட்டு பதில் சொல்லிக்கிறதுன்னு வருது, நான் ரொம்ப நாள் இந்த வரியை விட்டு நகரல. ரெண்டு பேருக்கு நடுவுல நடந்தது இப்போ ஒருத்தருக்குள்ளயே நடக்குது. பிளேட்டோ கடைசி காலத்துல எழுதின 'சட்டங்கள்'ங்குற நூல்ல சாக்ரடீஸ் ஆளே இல்ல.

அரிஸ்டாட்டில் டாபிக்ஸ்னு ஒரு நூல்ல இந்த கேள்வி-பதில் பயிற்சியை கையேடாவே ஆக்கிட்டாரு, எட்டாவது பகுதி முழுக்க கேக்குறவர் எப்படி வரிசைப்படுத்தணும், பதில் சொல்றவர் எதை ஒத்துக்கணும்னுதான். அப்புறம் கிமு 3ஆம் நூற்றாண்டுல பிளேட்டோ ஆரம்பிச்ச அகாடமிக்கே தலைவரா வந்த ஆர்கெசிலாவுஸ், தன் கருத்துன்னு எதையும் வைக்காம எதிராளி சொல்றதை சோதிக்கிற பழைய வழிக்கு திரும்பினாரு.

ஸ்டெப் 9: ஒரு ஆளை பிடிச்சு செஞ்சு பாருங்க

படிச்சு மட்டும் இது வராது. ஒரு ஃப்ரெண்டு, ஒரு மணி நேரம், ஒரே ஒரு வார்த்தை, நேர்மை இல்லன்னா நட்பு மாதிரி ஏதாவது. ஒருத்தர் மட்டும் கேக்கணும், இன்னொருத்தர் நிஜமா நம்புறதை ஒரு வாக்கியத்துல சொல்லணும். முதல்ல உதாரணம்தான் வரும், பரவால்ல, "இதுல எல்லாத்துலயும் பொதுவா என்ன இருக்கு"ன்னு கேளுங்க. டெஃபனிஷன் வந்ததும் அது பொருந்தாத ஒரு கேஸை தேடுங்க. குடியரசோட முதல் பகுதியில வர்றது இதுக்கு நல்ல மாதிரி: வாங்கினதை திருப்பி குடுக்கறது நீதின்னா, ஆயுதத்தை குடுத்து வச்ச நண்பன் புத்தி பேதலிச்சு வந்து கேட்டா குடுப்பியா? பதில் சொல்றவர் எப்ப வேணா முன்னாடி ஒத்துக்கிட்டதை வாபஸ் வாங்கலாம், அதுக்கு சாக்ரடீஸே அனுமதி குடுப்பாரு. பாதி நேரம் ஆனதும் இடம் மாத்திக்கோங்க, கேள்வி கேக்குற பக்கம் மட்டுமே உட்கார்ந்து பழகினா அது கெட்ட பழக்கமாயிடும்.

ஆள் தேர்வுல கவனம் வேணும். குடியரசுல பிளேட்டோ எச்சரிக்கிறாரு, சின்ன வயசுல இந்த வித்தை கையில கிடைச்சவங்க நாய்க்குட்டி மாதிரி பக்கத்துல வர்றவங்களையெல்லாம் பிடிச்சு இழுத்து கடிச்சு குதறுவாங்க, கொஞ்ச நாள்ல அவங்களுக்கே எதுலயும் நம்பிக்கை இல்லாம போயிடும். அதனால அவர் திட்டத்துல முப்பது வயசுக்கு முன்னாடி டயலெக்டிக்கே கிடையாது. அரிஸ்டாட்டிலும் டாபிக்ஸ் முடியுற இடத்துல கிடைச்ச ஆளோடல்லாம் வாதம் பண்ணாதேன்னுதான் சொல்றாரு, சிலரோட பேசினா பேச்சு கண்டிப்பா கெட்டுத்தான் போகும்னு. அதனால முதல் தடவைக்கு, நீங்க தப்புன்னு காட்டினாலும் மறுநாள் உங்களோட டீ குடிக்க வர்ற ஆளா பாத்து கூப்பிடுங்க. யூத்திஃப்ரோவை ரெண்டு பேரும் முன்னாடியே படிச்சிட்டு, அந்த 10ஏ கேள்வியிலயே ஆரம்பிக்கலாம்.